வீட்டு ஜோடி

அக்டோபர் 11, சனி

காலையில் மூட்டம். பத்து மணிக்கு மேல் புழுக்கம். மழை வரும் என்று மூன்று நாளாகச் சொல்கிறார்கள். வரக் காணோம்.

புதுகை போய்ச் செருப்பு வாங்கியாயிற்று. பஸ்ஸில் போக வர நின்றபடியேதான். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக நின்றவனுக்கு யார் எழுந்து இடம் தரப்போகிறார்கள்? கண்டக்டர் புது ஆள். படியில் ஒரு அம்மாள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விசில் ஊதிவிட்டான். வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். என் சர்வீஸில் படியிலிருந்து ஒரு ஆள் விழுந்தது கிடையாது. கடைசிக் கால் தரையில் பட்டதைப் பார்க்காமல் நான் விசிலை வாயில் வைத்ததில்லை.

செருப்பு கறுப்பு. அடியில் மெத்தென்ற ரப்பர். குதிகாலுக்கு ஒரு குழி, உள்ளங்கால் வளைவுக்கு ஒரு மேடு. இடதில் மட்டும் கால் அங்குலம் கூடுதல் உயரம். என் இடது கால் கொஞ்சம் குட்டையாம். அறுபத்தொரு வயதில் சொல்கிறார்கள். இடுப்பு வலி, முழங்கால் வலி எல்லாம் அதனால்தானாம். பஸ் குலுக்கியதால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிசியோதெரபி அம்மாள் சொன்னவை:

முதல் நாள் ஒரு மணி நேரம் போடு. தினம் ஒரு மணி கூட்டு.
சமதரையில் நட.
வலி பத்துக்கு எத்தனை என்று தினம் எழுது. இடுப்பு தனி, முழங்கால் தனி.
வீட்டுக்குள்ளும் போடு.

"வீட்டுக்குள்ளயுமா?"

"அங்கதானே சார் அதிகம் நடக்குறீங்க? டைல்ஸ் தரை வேற. வெறுங்கால் கூடவே கூடாது. அடுப்படி, ஹால், எல்லா எடத்துலயும் போடணும்."

தலையாட்டினேன். அதே இடத்தில் உட்கார்ந்து இதே மாதிரி ஒரு தடவை தலையாட்டியிருக்கிறேன். போன வருஷம், மனைவி மல்லிகாவுக்காக. அவளுக்கு வலது முழங்கால். அவள் பக்கத்து அறையில் எக்ஸ்ரேக்குப் படுத்திருந்தாள். டாக்டர் என்னிடம்தான் சொன்னார், இந்த மாதிரிச் செருப்பை வீட்டுக்குள் கட்டாயம் போடவேண்டும் என்று. வெளியே வந்தாள். "என்ன சொன்னாக?" என்றாள். "வெளிய போறப்ப மட்டும் போட்டாப் போதுமாம்" என்றேன்.

ஒரே வரி. யோசித்துக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குள் செருப்பு எனக்கு ஆகாது. வாந்தி, எச்சில், சேறு, கோழிப் பீ, எல்லாவற்றின் மேலும் நின்று பிழைத்தவன். வீட்டுத் தரை ஒன்றுதான் சுத்தம் என்று இருந்தேன்.

ஆடி முதல் வெள்ளி, அடுப்படி வாசலில் விழுந்தாள். வெறுங்கால். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிறகு ரத்தக்கட்டு நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். போய்விட்டாள்.

நான் சொன்ன பொய் யாருக்கும் தெரியாது. மகள் கலைக்கும் தெரியாது. வலிக்கு நோட்டு போடச் சொன்னாள் அந்த அம்மாள். எழுதிவிட்டேன்.

போட்டது ஒரு மணி. இடுப்பு 6. முழங்கால் 5.

அக்டோபர் 12, ஞாயிறு

போட்டது இரண்டு மணி, எல்லாம் வெளியில்தான். வாசலிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து வாசல். நாற்பது சுற்று. இடுப்பு 6. முழங்கால் 4.

எதிர்வீட்டு சரோஜா கோலப்பொடி டப்பாவோடு நின்று வேடிக்கை பார்த்தது.

"என்னண்ணே, சுதந்திர தினம் போயி ரெண்டு மாசமாச்சு. இப்பப் போயி பரேடு எடுக்குறீங்க?"

"டாக்டர் சொன்னது."

"உள்ள நடக்க வேண்டியதுதானே. வெயிலு மண்டையப் பொளக்குது."

உள்ளே போகும்போது வாசலிலேயே கழற்றிவிட்டேன். கால் தானாக உருவிக்கொண்டுவிடுகிறது.

வாசலில் மல்லிகாவின் செருப்பு இன்னும் இருக்கிறது. பழுப்பு நிறம், பித்தளை பக்கிள். பெருவிரல் பதிந்த பள்ளம் அப்படியே. எடுத்துப் போடவும் மனசில்லை, அதன் பக்கத்தில் என்னுடையதை விடவும் மனசில்லை. ஒரு முழம் தள்ளி விட்டேன்.

இன்னொன்று. எழுதலாமா என்று தெரியவில்லை. காய் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குத் திரும்பி, மொபெட்டை நிறுத்தி சாவியைத் திருப்பினேன். என்ஜின் அடங்கியதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம். சர்ரக். துணி கிழிக்கிற மாதிரி.

மல்லிகா ஜாக்கெட் தைப்பாள். லைனிங் துணியைக் கத்திரிக்காமல் கையால் கிழிப்பாள். அவள் இருந்தபோது தினம் நான் வண்டி நிறுத்தும் நேரத்துக்குக் கேட்கும். சர்ரக், சர்ரக் என்று இரண்டு தடவை.

இப்போது ஒரு தடவைதான் கேட்கிறது. இது முதல் நாள் இல்லை. காரியம் முடிந்த வாரத்திலிருந்து.

அக்டோபர் 13, திங்கள்

மூன்று மணி நேரம். இடுப்பு 5. முழங்கால் 4. செருப்பு வேலை செய்கிறது போலத்தான் இருக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

பதினொன்று பத்துக்கு மறுபடியும். சர்ரக். ஒன்று. காத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருக்கிறது. காலண்டர் ஆடவில்லை. அடுப்படிக் கதவோரம் தையல் மிஷின் மரமூடி போட்டபடி நிற்கிறது. எலி, பல்லி, ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் போகலாம். ஒரு விசில் என்றால் நிறுத்து. முப்பத்தொரு வருஷப் பழக்கம். ஒற்றைச் சத்தம் கேட்டால் உடம்பு நின்றுவிடுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. யாரிடம் சொல்ல?

சரோஜாவிடம் சொன்னேன். அதுதான் தப்பு.

"உச்சிப் பொழுது பாத்துக் கேக்குதாண்ணே?"

"பதினோரு மணிக்கு."

"அது உச்சிதான்ணே. மதினி எதையோ கொறையா விட்டுட்டுப் போயிருக்கு. தைக்காம வச்ச துணி கிணி இருந்தாப் பாருங்க. ஆளுகளுக்குக் குடுத்துருங்க. பிடிச்சதை ஆக்கிப் படைங்க. சும்மா இருக்காதீங்க."

கலை போன் செய்தாள். திருச்சியில் அவள் ஸ்கூல் லீவு விட்டதும் சனிக்கிழமை வருகிறாளாம். இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை, ஆனாலும் தனியாக விடமாட்டாளாம்.

"செருப்பு எப்புடிப்பா இருக்கு?"

"பரவால்ல."

"வீட்டுக்குள்ளயும் போடணும்ப்பா."

"பிசியோதெரபி அம்மா ஒனக்குப் போன் பண்ணுச்சா?"

"பொதுவாச் சொன்னேன்" என்றாள்.

அக்டோபர் 15, புதன்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கு வெளியே போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். சத்தம் கேட்கவில்லை. வண்டியை எடுக்காவிட்டால் கேட்பதில்லை. இதைக் கண்டுபிடித்ததில் நிம்மதி இல்லை.

இன்று விடிகாலை முதல் மழை. கிணற்றடி சேறு. ஓட்டுச் சாய்ப்புக்குள்ளேயே ஆறடி போய் ஆறடி வந்தேன். இடது சுண்டுவிரலில் பட்டை உரசுகிறது, தோல் சிவந்துவிட்டது. படியில் உட்கார்ந்து கழற்றினேன். இந்தச் செருப்புக்குப் பக்கிள் இல்லை, ஒட்டுப் பட்டைதான். சொரசொரப்பாக ஒட்டிக்கொள்ளும் ரகம். இத்தனை நாளும் பட்டையைப் பிரிக்காமல் காலை அப்படியே உருவித்தான் கழற்றியிருக்கிறேன். சோம்பேறித்தனம். இன்று உரசுகிறதே என்று விரலை விட்டுப் பட்டையை இழுத்தேன்.

சர்ரக்.

அதே சத்தம். துணி இல்லை. இதுதான்.

கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஒட்டினேன், இழுத்தேன். சர்ரக். மறுபடியும். சரோஜா குடையோடு போகும்போது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

மல்லிகா செருப்பைப் போய்ப் பார்த்தேன். பக்கிள். பித்தளை. ஒட்டுப் பட்டையே கிடையாது. அது வாசற்படி தாண்டி உள்ளே போனதும் கிடையாது. அப்படியானால் ஒரு வருஷமாக என் வீட்டுக்குள்ளேயிருந்து கேட்டது எது?

மூன்று மணி. இடுப்பு 5. முழங்கால் 5. விரல் தனி.

அக்டோபர் 16, வியாழன்

விட்டு விட்டு மழை. புதுகை போனேன், விரல் உரசுவதைச் சரி செய்ய. செருப்பு செய்கிறவர் பெயர் ஸ்டீபன். ஐம்பது வயது இருக்கும். ஒரே அறை. ரப்பர் ஷீட், பசை வாடை, சுவரெல்லாம் ஆள் ஆளுடைய பாதத்தைப் பென்சிலில் வரைந்த தாள்கள். அளவெல்லாம் கிளினிக்கிலேயே எடுத்துவிட்டதால் அங்கே இந்த வருஷம் இதுதான் முதல் தடவை.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கண்டக்டர் அய்யா! வாங்க, உக்காருங்க. அம்மா எப்புடி இருக்காங்க? வீட்டு ஜோடி தேஞ்சிருச்சா?"

"என்ன ஜோடி?"

"அதான்ய்யா, ரெண்டாவது ஜோடி. வீட்டுக்குள்ள போடுறது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதல் ஜோடி வாங்கி ஒரு மாசம் கழித்து மல்லிகா தனியாக வந்திருக்கிறாள். ஆலங்குடியிலிருந்து பஸ் ஏறி. டாக்டர் சீட்டைக் காட்டி, "தம்பி, இங்கிலீசுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் போடவேண்டும் என்று எழுதியிருக்கிறது என்று அவர் படித்துக் காட்டியிருக்கிறார்.

"சிரிச்சாங்கய்யா. 'அவுகளுக்கு வீட்டுக்குள்ள செருப்புன்னா ஆகாது தம்பி. காலமெல்லாம் பஸ்ஸு அழுக்குலயே நின்ன மனுசன், பாவம். அவுகளுக்குத் தெரியாம ஒரு ஜோடி போட்டுக் குடுங்க'ன்னாங்க. பக்கிள் வைக்கப் போனேன். வேணாம், சட்டுன்னு கழட்டுற மாதிரி வையுங்கன்னாங்க. ஒட்டுப் பட்டை வச்சேன்."

சட்டென்று கழற்றுகிற மாதிரி.

"அவ இல்லப்பா" என்றேன். "ஆடியில போயிட்டா. வீட்டுல விழுந்து."

கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "நம்ம செருப்பு போட்டிருந்தாங்களா? வழுக்கிருச்சா?" செய்தவனுக்கு அதுதானே பயம்.

"வெறுங்காலுதான்."

கர்த்தரே என்று மூச்சு விட்டார். அந்த மூச்சைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கு ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

பட்டையைச் சீவிச் சரி செய்துகொடுத்தார். உரசல் இல்லை.

மூன்று மணிக்கு வீடு. ஈரச் சட்டையோடு தேட ஆரம்பித்தேன். பீரோ, கட்டிலடி, பரண், பாத்திர அலமாரி. கடைசியில் தையல் மிஷின். மரமூடியைத் தூக்கினால் உள்ளே மஞ்சப்பை. பைக்குள் செருப்பு. என்னுடையது மாதிரியே கறுப்பு, சின்ன அளவு.

ஒன்றுதான் இருந்தது. வலது கால்.

அடிப்பக்கம் மண் இல்லை. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. மஞ்சள் கறை ஒரு ஓரத்தில், நீல நூல் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். என் தரைக்காக.

இடதைக் காணவில்லை. விளக்கு வைக்கும் வரை தேடினேன். போட்டது, வலி, எதுவும் குறிக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை நின்று வெயில். ஈர வாடை.

காலையில் காப்பி போடும்போது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சிலிண்டருக்குப் பின்னாடி யாரும் கூட்ட வேணாம். சரோஜாவை உள்ள விடாதீங்க. நான் வந்து பாத்துக்கிறேன்."

"இப்ப அதா முக்கியம்? பேசாமப் படு" என்றேன். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். எப்படி விழுந்தாய் என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "கால் பெசகிருச்சு. வேற ஒண்ணுமில்ல. நீங்க சாப்புட்டீங்களா?"

சிலிண்டர் அடுப்படிக்குள், கதவுக்கு இடப்பக்கம், மேடைக்குக் கீழே. கேஸ் மாற்றுகிறவர் முன்பக்கமாக உருட்டி எடுத்து முன்பக்கமாகவே வைத்துவிட்டுப் போவார். பின்னால் யாரும் பார்ப்பதில்லை. இழுத்தேன். இடுப்பில் பளிச்சென்று வெட்டியது, 9.

சுவரோடு ஒட்டிக் குப்புறக் கிடந்தது. இடது கால் செருப்பு. பட்டை பாதி பிரிந்திருந்தது. பாதி ஒட்டியிருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பஸ் போன நேரம் வந்த நேரம் குறிக்கிற டிரிப் ஷீட் மாதிரி எழுதிப் பார்க்கிறேன். மற்றபடி எனக்கு எழுதத் தெரியாது.

ஆடி முதல் வெள்ளி. காலை வீடு துடைத்திருக்கிறாள். தரை காயவில்லை.
11.05. தெருமுனையில் என் மொபெட் திரும்புகிறது. சைலன்சர் ஓட்டை, ஊருக்கே கேட்கும். அவளுக்கும் கேட்கும்.
அடுப்படியிலிருந்து தையல் மிஷினுக்கு வருகிறாள்.
11.06. நான் வாசலில். என்ஜின் அடங்குகிறது. சர்ரக். வலது. கழற்றிப் பைக்குள் வைத்தாயிற்று.
வலிக்கிற வலது காலை வெறுங்காலாக ஈரத் தரையில் ஊன்றிக்கொண்டு, இடதைத் தூக்குகிறாள். பட்டையில் கை வைக்கிறாள்.
இரண்டாவது சத்தம் கேட்கவில்லை. கேட்டது விழுந்த சத்தம்.

விழுந்த வேகத்தில் பாதி பிரிந்த செருப்பு காலை விட்டுப் போய் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நான் போய்ப் பார்த்தபோது வெறுங்கால். திட்டினேன் வேறு. "பாத்து வரக் கூடாதா, என்ன அவசரம்?" என்று கேட்டேன். அவளிடம். விழுந்து கிடந்தவளிடம்.

என் பொய் அவளைக் கொல்லவில்லை. அதை அவள் கண்டுபிடித்து, சிரித்து, ஒரு ஜோடி செருப்பு வாங்கிச் சமாளித்துவிட்டாள். நான் வருகிற சத்தம்தான். ஒரு வருஷம் முழுக்க, தினம், நான் வருகிற சத்தத்துக்கு அவள் ஓடியிருக்கிறாள். அடுத்தவர் கால் தரையில் படும் வரை விசில் ஊதாதவன் என்று எழுதியிருக்கிறேன் முதல் பக்கத்தில். வெட்கமாக இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பையில் போட்டு மிஷின் மூடிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

கலை வந்துவிட்டாள். காலை பஸ். கறிவேப்பிலை, பழம், எனக்கு ஒரு இடுப்பு பெல்ட். வந்ததும் வராததுமாகத் தரையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"வெறுங்காலு. தெரியும் எனக்கு."

சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது இது, நான் அம்மாவிடம் சொன்னது இது என்று. தலை நிமிரவில்லை. இலையை மடித்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"அம்மா அப்பவே சொல்லுச்சு. ரெண்டாவது ஜோடி வாங்கப் போனதும் எனக்குத் தெரியும். ஒங்கள ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னுருச்சு. 'அவுகளா ஒரு நாளைக்குச் சொல்லுவாக. நீ கேட்டு, மொகத்தைத் தொங்கப்போட வச்சுராத'ன்னுச்சு."

அழுதுவிட்டேன். அவளும். இத்தனை நாள் மனசில் கிடந்த கல் இறங்கியது என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒங்க மேல கோவம் இல்லப்பா. அம்மா மேலதான். அவ்வளவு பாடுபட்டு வாங்கி வச்சுட்டு, அன்னைக்குன்னு பாத்துப் போடாம இருந்துருக்கு பாருங்க. ஈரத் தரையில வெறுங்காலோட. என்ன அசட்டை! போட்டுருந்தா இன்னைக்கு உசுரோட இருக்கும்ல? நெனைக்க நெனைக்க ஆத்திரமா வருது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது.

"என்னமோ, தெரியலையேம்மா" என்றேன்.

இது மூன்றாவது. முதல் பொய் மல்லிகாவிடம். இரண்டாவது, வெறுங்கால்தான் என்று ஸ்டீபனிடம். அது அன்றைக்கு உண்மை என்று நினைத்துச் சொன்னது, சேர்த்தியில்லை. அப்படியானால் இது இரண்டாவது. கணக்கு போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன்.

நான்கு மணி நேரம், அதில் அரை மணி வீட்டுக்குள். கலை பக்கத்தில் நின்று போட வைத்தாள். டைல்ஸில் அந்த ரப்பர் சத்தமே போடவில்லை. அவள் நடந்தது எனக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

இடுப்பு 6. முழங்கால் 3.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நமக்கு இல்லை. தெருவில் வெடி. வெடித்த காகிதம் நம் வாசல் வரை பறந்து வருகிறது. கலை கூட்டித் தள்ளுகிறாள், மறுபடி வருகிறது.

சரோஜா முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தது. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, நாங்கள்தான் கொடுக்கவேண்டும் என்று சட்டம் பேசிவிட்டு உட்கார்ந்தது.

"சத்தம் இன்னும் கேக்குதாண்ணே?"

கலை நிமிர்ந்தாள். "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல, எலி" என்றேன்.

பேச்சு மல்லிகாவிடம் வந்தது. வராமல் எங்கே போகும். சரோஜா, "நேத்துப் பேசுன மாதிரி இருக்கு. மதினி மாதிரி நிதானமான ஆளு இந்தத் தெருவுலயே கெடையாது. அது போயி எப்புடி விழுந்துச்சு?" என்றது.

"நிதானமெல்லாம் ஊருக்குத்தான் சரோஜாத்தை" என்றாள் கலை. "தன் ஒடம்புன்னா எங்கம்மாவுக்கு அலட்சியம். போட வேண்டியதைப் போடல. விழுந்துருச்சு. வேற யாரைச் சொல்ல?"

சுவரில் படம். மாலை போட்டு, பொட்டு வைத்து. பழி சுமப்பதற்கு ஏற்ற மாதிரி பேசாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உயிரோடு இருந்தபோது எனக்காக ஒரு பொய்யை மூடி வைத்தாள். செத்த பிறகும் வைக்கச் சொல்கிறேன்.

கலை நாளை ஊருக்கெல்லாம் இதைத்தான் சொல்வாள். அவளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் சொல்வாள். ஒங்க அம்மாச்சி அசட்டையா இருந்து செத்துப்போச்சு என்று.

முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். பட்டாசுப் புகையில் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

வலி குறிக்கவில்லை. எங்கே என்று குறிப்பது?

அக்டோபர் 21, செவ்வாய்

இரவு பெய்த மழை, காலையில் தூறல். பத்தரைக்குக் கடைக்குப் போனேன். கத்தரிக்காய், தேங்காய், அரை லிட்டர் பால். ஏழு நாளாக இந்த நேரத்துக்கு வண்டியைத் தொடவில்லை. இன்று வேண்டுமென்றே எடுத்தேன். செருப்பு காலில்.

திரும்பும்போது தெருமுனை வந்தது. பதினொன்று ஐந்து. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். சேறு, பள்ளம், வெடிக் காகிதம். இடுப்பு 8. எட்டு வீடு தாண்டுவதற்குள் மூன்று தடவை நின்றேன். முதலில் இருந்தே இப்படிச் செய்திருக்கலாம். ஒரு ஹாரன் முன்கூட்டியே அடித்திருக்கலாம். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, "போட்டுக்க" என்று சொல்லியிருக்கலாம்.

வாசலுக்கு வந்து ஸ்டாண்டு போட்டேன். காது கொடுத்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. ஒன்றுகூட இல்லை.

கலை துணி காயப்போட வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னப்பா, பெட்ரோல் தீந்துருச்சா?"

"இல்ல. இருக்கு."

"பெறகு எதுக்கு இந்த இடுப்பை வச்சுக்கிட்டுத் தள்ளிக்கிட்டு வாரீங்க?"

"வண்டிச் சத்தம் கேட்டா ஒங்கம்மா அவசர அவசரமாக் கழட்டுவா."

அவளுக்கு விளங்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். மிஷின் மூடியைத் தூக்கி மஞ்சப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டையும் வெளியே எடுத்தாள். இடதின் பட்டை பாதி பிரிந்தபடி இருந்தது, நான் அதைத் தொடவில்லை. எங்கே கிடந்தது என்று கையால் காட்டினேன். சிலிண்டரைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். கையிலிருந்த ஈரத் துணியெல்லாம் தரையில்.

பிறகுதான் கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு அம்மா போட்டுருந்துச்சா?"

"போட்டுருந்தா" என்றேன். "நான் வாரேன்னுதான் கழட்டுனா."